முத்திரையும் துண்டும் பத்திரமும்: ஹேவாஹெட்ட மலைகளிற் குடிவரவுக் கொள்கையின் வரலாறு

கண்டி மாநகரிலிருந்து தலாத்து ஓயா, மாரசன்ன என்னும் ஊர்களைக் கடந்து தென்கிழக்கே மலையேறிச் செல்லும் பாதை ஹேவாஹெட்டவைச் சென்றடைகின்றது. பாதையின் ஒரு மருங்கில் நெல்வயல்கள் படிப்படியாக இறங்கிச் செல்லும். மறு மருங்கில் தேயிலைச் செடிகள் நிரை நிரையாக நிற்கும். வயல் சிங்களக் கிராமத்தவருடையது. கொழுந்து கொய்பவர் தமிழர். இவ்விரு நிலங்களுக்குமிடையே ஓர் ஓடையோ ஒரு வேலியோ அன்றிப் பல இடங்களில் வேறெல்லை இல்லை. ஆயினும் அச்சிற்றெல்லையைப் பற்றி எழுந்த வாதங்கள் இலங்கையின் ஆட்சியை ஒருமுறை அசைத்ததுமன்றிப் பல இலட்சம் மக்களை நாடற்றோராகவும் ஆக்கின.

ஹேவா என்னுஞ் சிங்களச் சொல் போர்வீரனைக் குறிக்கும். ஹெட்ட என்பது அறுபதென்னும் எண். போர்வீரர் அறுபதின்மர் என்பதே இப்பெயரின் பொருளென்பர். இன்று இந்நாட்டின் மேற்பகுதி நுவரெலியா மாவட்டத்திலும் கீழ்ப்பகுதி கண்டி மாவட்டத்திலும் அடங்கும். பழைய வழக்கில் இரண்டும் ஒரே நாடு. நாட்டின் காவலைப் பெயரிலேயே தாங்கி நிற்கும் இவ்விடத்திலிருந்து, குடிவரவைக் குறித்துப் பழமை பேணுவோர் வைத்த வாதத்தை நோக்குதல் பொருத்தமாகும். அவ்வாதம் மூன்று கிளைகளை உடையது. வந்தேறிகள் நிலத்தையும் தொழிலையும் கவர்ந்தனர் என்பது பொருளியற் கிளை. அவர்கள் அயல்நாட்டிற்கு அன்புடையார் என்பது பாதுகாப்புக் கிளை. அவர்கள் வாக்குப் பெற்றாற் கண்டி மக்கள் தம் நாட்டிலேயே சிறுபான்மையினராவர் என்பது அரசியற் கிளை. இவற்றை வெறும் பகைமை எனத் தள்ளிவிடுவது நம்மவரிடையே உள்ள வழக்கம். அது வரலாற்று மாணவனுக்குத் தகாது. அவற்றுள் உண்மையுமுண்டு, அவ்வுண்மை எங்கே தவறான வாயிலிற் சென்று முட்டியது என்பதே ஆராயத்தக்கது.

பதினேழாம் நூற்றாண்டிலே கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கன், 1664இல் நிலம்பையில் எழுந்த கலகத்தின் பின்னர், ஹேவாஹெட்டவைச் சேர்ந்த ஹங்குரன்கெத்தவில் அரண்மனை அமைத்து வாழ்ந்தான். 1660இற் சிறைப்பட்டு ஏறத்தாழ இருபதாண்டு கண்டி நாட்டில் வாழ்ந்த ஆங்கிலேயன் றொபேட் நொக்ஸ், தப்பிச் சென்றபின் 1681இல் வெளியிட்ட நூலில் அவ்வரசின் காவன் முறையை விரிவாகக் கூறியுள்ளான். மலைக்கணவாய்களிலே முள்ளாற் பின்னிய வாயில்கள் இருந்தன. அவற்றில் இரவும் பகலும் காவலர் நின்றனர். பாதைகளை ஒருவர்பின் ஒருவர் செல்லும் ஒற்றையடித் தடங்களாகவே அரசன் வைத்திருந்தான். பகைவன் பீரங்கியை உருட்டிவர இயலாதவாறு செய்த உபாயம் இது.

வாயிலைக் கடப்போன் அரண்மனையிற் பெற்ற களிமண் முத்திரையைக் காட்டவேண்டும். அம்முத்திரை ஆளுக்கு ஆள் வேறுபட்டது. போர்வீரனாயின் தோளில் ஈட்டி ஏந்திய மனித உருவம். கூலியாளாயின் காவுதடியின் இருமுனையிலும் பை தொங்கச் சுமந்து செல்லும் உருவம். வெள்ளையனாயின் தொப்பியும் வாளுமுடைய உருவம். கூட்டமாகச் செல்வோர் எத்தனை பேரோ, களிமண்ணில் அத்தனை முத்திரை பதிந்திருத்தல் வேண்டும். குடிவரவுத் திணைக்களமும் கடவுச்சீட்டும் இல்லாத காலத்தில் ஒரு மலையரசு இவ்வளவு நுண்மையாக ஆள் எண்ணியது வியப்பே. இம்முறையில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கன. ஒன்று, தலைக்கொரு முத்திரை. மற்றொன்று, முத்திரையைத் தருங் கடமை அரசனுடையது. இல்லாத முத்திரையைக் கேட்டு, முன்னரே உள்ளே குடியிருப்பவனை வெளியேற்றியதாக நொக்ஸ் கூறவில்லை.

அவ்வாயில் இனம் பார்த்ததுமன்று. கண்டியரசர் மதுரை நாயக்கர் குலத்திலே பெண்கொண்டனர். 1739இல் அரசு அக்குலத்தாரிடமே சென்றது. 1815 வரை அவர்களே ஆண்டனர். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனைக் கொல்ல 1760இற் பிரதானிகள் சிலர் சூழ்ந்ததும் உண்மை. அவன் காலத்திலேதான் சீயத்திலிருந்து பிக்குகள் அழைக்கப்பட்டுப் பௌத்த சங்கம் மீண்டும் நிலைநாட்டப்பட்டது என்பதும் உண்மை. பிறந்த நாடு ஒன்று, காத்த நாடு மற்றொன்று என்பதற்கு அவனிலும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1815 மார்ச் 2ஆந் திகதி கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதன் மூன்றாம் பிரிவை நம் மாணவர் பெரும்பாலும் வாசிப்பதில்லை. அரசனின் உறவினரான ஆடவர் பகைவரென அறிவிக்கப்பட்டு, அனுமதியின்றிக் கண்டி மாகாணங்களுட் புகுதல் தடுக்கப்பட்டது. வெளியேற்றப்பட்ட மலபார் வகுப்பு ஆடவர் திரும்புதலும் அவ்வாறே தடுக்கப்பட்டது. மலபார் என்றது அக்கால வழக்கில் தென்னிந்தியத் தமிழரையும் அவர்போன்றாரையும் ஆகும். பிரித்தானியர் கண்டி நாட்டில் எழுதிய முதலாவது குடிவரவு விதி, தமிழ் பேசும் ஆடவரை வெளியே நிறுத்துவதற்கு எழுதப்பட்டது. இதனைக் கேட்டுக்கொண்ட பிரதானிகள் மகிழ்ந்திருப்பர். பத்தாண்டு கழியுமுன்னரே அதே அரசாங்கம் அவ்வாயிலை அகலத் திறந்ததை அவர்கள் எதிர்பார்த்திருக்க இயலாது.

திறந்தது கோப்பி. தேசாதிபதி சேர் எட்வேட் பாண்ஸ் கண்டி வீதியை அமைத்ததன் முதல் நோக்கம் படை செல்லுதல். 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் அச்சம் அப்போது ஆறவில்லை. ஆயின் படைக்கென வெட்டிய பாதையிற் கோப்பி மூட்டை இறங்கிற்று. 1824இல் ஜோர்ஜ் பேட் கம்பளையையடுத்த சிங்கபிட்டியவிற் கோப்பி பயிரிட்டார். தேசாதிபதியும் கன்னொறுவையிற் பயிரிட்டார். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரித்து நிலைநாட்டப்படாத காட்டையும் தரிசையும் சேனைநிலத்தையும் முடிக்குரியன எனக் கொள்ளும் ஊகத்தை விதித்தது. 1844 வரை ஏக்கர் ஐந்து சிலிங் விலைக்கு நிலம் பெறக்கூடியதாயிருந்தது. வாங்கியோருள் அரசாங்க உத்தியோகத்தரும் இருந்தனர்.

கிராமத்தவன் இழந்தது பெரும்பாலும் வயலன்று. மாடு மேய்ந்த புல்வெளியும், பஞ்சத்திற்குத் துணையான சேனையும், விறகெடுத்த காடுமே அவன் கையை விட்டுப் போயின. அவற்றிற்கு அவனிடம் உறுதி இல்லை. அக்காடுகளை அவன் தந்தையும் பாட்டனும் அனுபவித்தனர் என்பதே அவனது உரித்து. எழுத்தில்லாத உரிமை உரிமையன்று என்று சட்டம் சொல்லிற்று. இவ்வநீதியைச் செய்த கையெழுத்து யாருடையது என்பதில் ஐயமில்லை. காட்டை அழித்துக் கன்று நட்டவன் இராமநாதபுரத்திலிருந்தோ திருச்சிராப்பள்ளியிலிருந்தோ வந்த கூலியாள். நிலத்தை விற்றவனும் வாங்கியவனும் அவனல்லன்.

ஹேவாஹெட்டவின் பெயரை உலகம் அறியச் செய்தது லூல்கந்துரத் தோட்டம். ஸ்கொத்லாந்திற் பிறந்த ஜேம்ஸ் ரெயிலர் 1852இல் இளைஞனாக இலங்கை வந்து, வாழ்நாளை அங்கேயே கழித்தார். 1867இல் ஏறக்குறைய 19 ஏக்கரில் அவர் நட்டதே இலங்கையின் முதலாவது வர்த்தகத் தேயிலைத் தோட்டம். இரண்டாண்டின் பின் கோப்பியிலைகளிற் புகுந்த பூஞ்சண நோய் அப்பயிரை அழித்தபோது நாட்டைத் தாங்கியது இத்தேயிலையே. ரெயிலர் 1892இல் இறந்து கண்டி மகியாவ மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். அவருடலைத் தொழிலாளர் முறைமாறித் தோளிற் சுமந்து மலையிறங்கிக் கண்டிக்குக் கொணர்ந்தனர் என்பர்.

கோப்பிக் காலத்திற் கூலியாள் பருவத்திற்கு வந்து மீள்பவன். மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வருவோருட் கொள்ளைநோயால் வீழ்ந்தோர் பலர். தேயிலை அவ்வியல்பை மாற்றிற்று. ஆண்டு முழுவதும் கொழுந்து கொய்யவேண்டும். கொய்தற்குப் பெண்டிர் வேண்டும். பெண்டிர் வந்தபின் குடும்பமும் தொட்டிலும் மாரியம்மன் கோயிலும் வந்தன. பொருளியலே அவனைக் குடியாக்கிற்று. அதற்குப் பிறகும் அவனை வழிப்போக்கன் என்றது அரசியல்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத்துண்டு ஒன்றை ஒவ்வொரு தொழிலாளிக்கும் அளித்து, அதன்வழி அவனைத் தோட்டத்திற்கு அனுப்பும் முறை ஏற்பட்டது. நொக்ஸ் கண்ட களிமண் முத்திரையின் வழித்தோன்றல் இது எனலாம். இதனோடு மாறுபடுவது காகிதத் துண்டு. கங்காணியும் அவன் ஆட்களும் இவ்வளவு கடன்பட்டுள்ளனர், அதனைத் தீர்ப்பார் அவர்களைக் கொள்ளலாம் என ஒரு துரை மற்றொரு துரைக்கு எழுதிக்கொடுக்குஞ் சீட்டு அது. 1921இல் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆக, மலைநாட்டுத் தமிழன் கையில் அரசாங்கமும் முதலாளியும் வைத்த பத்திரங்கள் அவன் எங்கே வேலை செய்வான், எவ்வளவு கடன்பட்டவன் என்பவற்றைக் கூறின. எந்த நாட்டினன் என்று கூறும் பத்திரம் ஒன்றும் அவனுக்கு அளிக்கப்படவில்லை.

டொனமூர் ஆணைக்குழுவினர் 1928இற் சர்வசன வாக்குரிமையை விதந்துரைத்தபோது வாதம் மூண்டது. 1925இல் தோன்றிய கண்டியர் தேசிய சபை, தம் மாகாணங்களுக்குத் தனியாட்சி வேண்டி ஒரு கூட்டாட்சித் திட்டத்தையே ஆணைக்குழுமுன் வைத்தது. கூட்டாட்சி என்றாற் பின்னாளில் யாழ்ப்பாணத்தார் நினைவே வரும். அதனை முதலில் ஓர் அமைப்பாகக் கேட்டவர் கண்டியரென்பதை இரு சாராரும் மறந்துவிட்டனர். அவர்தம் அச்சம் பொய்யன்று. கரைநாட்டாரின் வணிகமும், துரைமாரின் தோட்டமும், இந்தியரின் தொழிலும் சூழ்ந்த நடுவிலே பழங்குடி ஒன்று தன் வீட்டில் விருந்தாளியாகிவிடுமோ எனக் கலங்கியது. வாக்குரிமைக்கு நிலையான வதிவிடம் வேண்டும் என்னும் நிபந்தனை அதனாற் புகுத்தப்பட்டது. 1931இல் வாக்காளராகப் பதிவான இந்தியர் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேரே.

பொருளியற் கிளையை அரசாங்கமே சோதித்துப் பார்த்தது. குடிவரவை ஆராய அமைக்கப்பட்ட சேர் எட்வேட் ஜக்சனின் ஆணைக்குழு 1938இல் அறிக்கை வெளியிட்டது. இந்தியத் தொழிலாளர் இலங்கையர் தொழிலைப் பறித்தனர் என்னுங் கூற்றை அவ்வறிக்கை ஏற்கவில்லை. சொந்த ஆணைக்குழுவின் முடிவு அமைச்சர்களுக்கு உவப்பாகவில்லை. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்சம்பளம் பெற்ற இந்தியர் பலர் நீக்கப்பட்டனர். மறுமொழியாக இந்திய அரசாங்கம் அவ்வாண்டு ஓகத்து மாதம் முதற்கொண்டு தொழிலாளர் இலங்கை செல்லுதலைத் தடைசெய்தது. புதிதாக ஆள்வருதல் ஏறக்குறைய அத்துடன் நின்றது. 1948இல் எழுந்த சட்டங்களைக் குடிவரவுச் சட்டங்கள் என எண்ணுவோர் இவ்வாண்டை நினைவிற் கொள்வாராக. வாயிற் கதவு ஒன்பதாண்டு முன்னரே மூடப்பட்டுவிட்டது. பின்னர் நடந்தது உள்ளே இருந்தோரைப் பற்றிய வழக்கு.

இவ்விடத்தில் ஹேவாஹெட்ட மீண்டும் வரலாற்றின் நடுவிற்கு வருகின்றது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. அதனை நடத்தியவர் சமசமாஜக் கட்சியின் தோட்டத் தொழிற்சங்கத்தார். ஜனவரி 10ஆந் திகதி பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் என்னுந் தொழிலாளி இறந்தான். அரசாங்க சபையில் ஏற்பட்ட கொந்தளிப்பால் விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கோவிந்தன் மனைவியின் சார்பிற் கொல்வின் ஆர். டி சில்வா வழக்குரைத்தார். விசாரணை முடியும்வரை வேலைநிறுத்தக்காரர்மேலுள்ள வழக்குகளை ஒத்திவைக்குமாறு உள்நாட்டு மந்திரி சேர் டி. பி. ஜயதிலக பொலிஸ் மாஅதிபருக்குப் பணித்தார். மாஅதிபர் உடன்படவில்லை, தேசாதிபதி சேர் அன்ட்ரூ கால்டெகொட் அவர் பக்கம் நின்றார். டி. எஸ். சேனநாயக்க உள்ளிட்ட மந்திரிமார் பதவி துறந்தனர். விரைவிலேயே மீண்டும் பதவியேற்றனராயினும், தேசாதிபதியின் அதிகாரத்திற்கும் மக்கள் பிரதிநிதிகளின் அதிகாரத்திற்குமிடையே உள்ள முரண் அம்பலமாயிற்று.

எண்ணிப் பார்க்குமிடத்து இது விந்தையான நிகழ்ச்சி. பழமை பேணும் மந்திரிமார், நாட்டாரின் ஆட்சியுரிமைக்காகப் பதவி துறந்தபோது, அதற்கு நிலைக்களமாக அமைந்தது ஒரு தோட்டத் தமிழனின் மரணம். சுதந்திரத்தை நோக்கிய நடையில் முல்லோயா ஒரு படி. அந்நடை முடிந்ததும், கோவிந்தன் போன்றார் அச்சுதந்திரத்திற்குப் புறம்பானோராயினர்.

ஏனெனில் பாதுகாப்புக் கிளை அதற்குள் வலுப்பெற்றிருந்தது. அதற்குங் காரணம் இல்லாமலில்லை. இந்தியா பெருநாடு; கே. எம். பணிக்கர் போன்ற அறிஞர் இந்துமாகடற் காவலை இந்தியாவின் பொறுப்பாக 1945இலேயே எழுதியிருந்தனர். சிறுதீவின் தலைவர் அஞ்சியதையும், 1947இற் பிரித்தானியாவுடன் பாதுகாப்பு உடன்படிக்கை செய்ததையும் குறைகூற இயலாது. ஆனால் அவர் அஞ்சியது இந்தியக் கடற்படையை மட்டுமன்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே நுவரெலியாவில் எஸ். தொண்டமானும், தலவாக்கலையிற் சி. வி. வேலுப்பிள்ளையும், நாவலப்பிட்டியிற் கே. இராஜலிங்கமும் இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் வென்றனர். வேறு பல தொகுதிகளிலே தோட்ட வாக்கு இடதுசாரிகளுக்குச் சென்றது. வாக்குப் பெட்டியில் விழுந்த சீட்டை எல்லையில் நின்ற படையாகக் கண்டது அரசாங்கம்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. இலங்கையிற் பிறந்தவன் பிரஜையாவதற்கு அவன் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேற் பாட்டனும் பூட்டனும் பிறந்திருத்தல் வேண்டும். வெளித்தோற்றத்தில் இனம் பாராத விதி. பிறப்புப் பதிவு முறையோ 1867இலேயே நாட்டில் தொடங்கிற்று. தோட்டங்களில் அது நெடுங்காலம் ஒழுங்காக நடைபெறவில்லை. ஹேவாஹெட்ட வயற்கரையிற் குடியிருந்த சிங்களக் கிராமத்தவனும் பூட்டனின் பிறப்புப் பத்திரத்தைக் காட்டியிருக்க மாட்டான். அவனிடம் ஒருவருங் கேட்கவில்லை. ஓடையின் மறுகரையில் இருந்தவனிடம் கேட்டனர். 1840இல் எழுத்தில்லாத உரிமை உரிமையன்று என்று வயற்காரனுக்குச் சொல்லப்பட்டது. 1948இல் அதே வாசகம் தோட்டக்காரனுக்குச் சொல்லப்பட்டது. முன்னதாற் புண்பட்டவர் பின்னதை ஆக்கியோர்க்கு ஆதரவளித்ததே இவ்வரலாற்றின் துயரம்.

பழமை பேணுங் கொள்கையின் பேராசானாக மேலைநாட்டார் போற்றும் எட்மண்ட் பேர்க், நெடுங்கால அனுபவமே உரிமையின் மூலம் என்னுங் கருத்தை வற்புறுத்தியவர். அக்கருத்து நமது நாட்டுச் சட்டத்திலும் உண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, பிறனுக்குரிய தனியார் காணியைப் பத்தாண்டு தடையின்றி எதிராட்சி செய்தவன் அதற்கு உரித்தாளியாகலாம். பத்தாண்டில் மண்ணுக்கு உடையவனாகலாம். எண்பதாண்டிலும் நாட்டுக்கு உரியவனாகலாகாது என்றவர், தாம் போற்றிய பழமைக்கே மாறுபட்டனர்.

நம்மவர் பங்கையும் ஈண்டு கூறாதொழிதல் நேர்மையன்று. ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948 ஓகத்து மாதத்திற் பிரஜாவுரிமை மசோதாவை எதிர்த்தவர். அடுத்த மாதமே மந்திரியானார். இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்திற்கு அவர் ஆதரவளித்தார். சி. சுந்தரலிங்கம் 1948 டிசெம்பரில் மந்திரிப் பதவியைத் துறந்தார்; எஸ். ஜே. வி. செல்வநாயகம் கட்சியினின்றும் பிரிந்து 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியை அமைத்தார். மலைநாட்டார் துயரம் யாழ்ப்பாணத்திற் கட்சிப் பிளவுக்குக் காரணமாயிற்று. மலைநாட்டாருக்கு அதனால் வந்த நன்மை யாதென வினவினால் நீண்ட விடை கூறுவதற்கில்லை.

வதிவாளர் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 8,25,000 பேர் விண்ணப்பித்தனர். பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர். 1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு வாக்குப் பிரஜைகளுக்கே உரியதாயிற்று. 1953இற் கோடாக்கன் பிள்ளை வழக்கிற் கோமறைக் கழகமும் அச்சட்டங்களைச் செல்லுபடியாகுமென ஏற்றது. ஆயினுந் தொகுதிகளை வகுக்கும்போது வாக்கிழந்தோர் தலைகளும் குடித்தொகையிற் சேர்த்தே எண்ணப்பட்டன. அவர்கள் எண்ணிக்கையாற் கிடைத்த ஆசனங்களைக் கண்டி நாட்டின் ஏனைய வாக்காளர் நிரப்பினர். வரவுசெலவிலும் இதே கணக்கு: ஐம்பதுகளில் ஏற்றுமதி வருவாயிற் பாதிக்கு மேல் தேயிலையால் வந்தது, அரிசி மானியமும் கல்லோயாத் திட்டமும் அவ்வருவாயில் தங்கியிருந்தன. 1949இல் நியமிக்கப்பட்ட கண்டி விவசாயிகள் ஆணைக்குழு 1951இல் அறிக்கையிட்டுக் கிராமத்தவனின் நிலமின்மையை விரித்துரைத்தது. அவன் பக்கத்து அயலவன் வாக்கிழந்த பின்னரும் அவனுக்கு ஓர் அங்குலமேனும் நிலம் கூடவில்லை.

பர்மாவில் இதே காலத்தில் இந்தியரை வெளியேற்றிய கொள்கை இன்னும் கடுமையானது. அங்கே பேரம் பேசவும் இடமிருக்கவில்லை. இங்கே பேரம் நடந்தது. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ, சாஸ்திரி ஆகிய இரு பிரதமரும் 9,75,000 மக்களை 5,25,000 இந்தியாவிற்கு, 3,00,000 இலங்கைக்கு எனப் பகுத்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பேசுவதற்கு விட்டனர். 1974இல் அவர்களும் சரிபாதியாக்கப்பட்டனர். அம்மக்களின் பிரதிநிதிகள் உடன்படிக்கையில் ஒப்பமிடவில்லை. இரண்டாம் இராஜசிங்கன் தலைக்கொரு முத்திரை பதித்தான். இரு அரசாங்கங்கள் இலட்சத்திற்கொரு கோடு கிழித்தன. தலைமன்னார் இறங்குதுறையிற் பிரிந்த குடும்பங்களைக் கண்டவர் இன்னும் நம்மிடையே உளர்.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அப்போதேனும் 1840ஆம் ஆண்டின் அநீதி திருத்தப்பட்டிருக்கலாம். நடந்தது வேறு: கண்டிப் பகுதித் தோட்டங்கள் சிலவற்றிலிருந்து தொழிலாளர் துரத்தப்பட்டனர்.

நாடற்றோர் நிலையைத் தீர்க்க 1986இலும் 1988இலும் சட்டங்கள் வந்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சிய ஏறத்தாழ 1,68,000 பேரின் வழக்கை முடித்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வதிந்தவருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் அச்சட்டம் பிரஜாவுரிமை அளித்தது. பாராளுமன்றத்தில் அதற்கு எல்லாக் கட்சியினரும் ஆதரவளித்தனர். பூட்டனின் பிறப்புப் பத்திரத்தை அது கேட்கவில்லை. தான் இங்கே வாழ்பவன் என அவன் ஒப்பமிட்டுக் கொடுக்கும் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது.